உன் நைனா பின்வரிசையில் நடந்தார்

ராயப்பா,

முதலில் ஒன்று. பிலோமினாவை நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. அவளாக எதையும் சொல்லவில்லை, நான்தான் பிடுங்கினேன். உன் நைனாவின் வருஷப் பூசைக்கு நீ வராமல், அவள் மட்டும் கைக்குழந்தையோடு திண்டிவனத்தில் பஸ் மாறி வந்து இறங்கியபோதே எனக்கு என்னவோ போலிருந்தது. உனக்கு ரெக்கார்டிங் என்றாள். பூசை முடிந்து, கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, குழந்தையைக் குளிப்பாட்டும்போது மறுபடியும் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் அழுதாள். நீ ரெக்கார்டிங்குக்குப் போவதே இல்லையாம். கிளாரினெட் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாயாம். கூப்பிட வந்தவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சொல்லி, இப்போது கூப்பிடவும் யாரும் வருவதில்லையாம். ஏதோ மரவாடியில் மரம் அளக்கப் போகிறாயாம். ஏன் இப்படி என்று அவள் கேட்டதற்கு, "எங்க நைனாவ நான்தான் கொன்னேன்" என்று சொன்னாயாம்.

அந்த வார்த்தைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். உன்னை நேரில் பார்த்துச் சொல்லலாம் என்றால் நீ பாதியில் எழுந்து வெளியே போய்விடுவாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடிதமானால் கோபத்தில் கீழே வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய். அதனால் எழுதுகிறேன். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவளுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பொறுமையாகப் படி.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் பேண்டு மாஸ்டர். வெள்ளை டிரெஸ்ஸும் சிவப்புப் பட்டையுமாக ஊர்வலத்தின் முன்னால் நடந்தவரைத்தான் நீ பார்த்திருக்கிறாய். அதற்கு முன்னால் இருந்த ஆளை உனக்குத் தெரியாது. மழை பொய்த்து, மல்லாட்டைச் செடி காயோடு கருகிப்போன ஒரு வருஷத்தில், அவலூர்பேட்டைச் சந்தைக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறார்கள். உன் நைனா மீசை முளைக்காத பையன். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்துவிட்டார். பெங்களூரில் கவாத்து பழகும்போது பேண்டுக்காரன் ஒருத்தன் வந்து, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல இவருடைய பல்லையும் விரலையும் பார்த்துவிட்டு, இவன் எனக்கு வேண்டும் என்று இழுத்துக்கொண்டானாம். அப்படித்தான் கிளாரினெட் அவர் கைக்கு வந்தது. நாம் கோவிலில் கேட்கும் பாட்டைத் தவிர வேறு பாட்டுக் கேட்டிராத பையன், வெள்ளைக்காரன் எழுதிவைத்த புள்ளிகளைப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டான். பிறகு வெள்ளைக்காரனின் சண்டைக்காகக் கப்பலேற்றி அரபு தேசத்து பஸ்ராவுக்குக் கொண்டுபோனார்கள்.

பேண்டுக்காரர்கள் சண்டை போடுவதில்லை என்று நீங்கள் எல்லாம் நினைத்திருந்தீர்கள். அது பாதிதான் உண்மை. சண்டை தொடங்கிவிட்டால் அவர்கள் வாத்தியத்தைப் பெட்டியில் பூட்டி ஒப்படைத்துவிட்டு, ஸ்ட்ரெச்சர் தூக்கப் போக வேண்டும். குண்டு விழுகிற இடத்துக்குப் போய், அடிபட்டவனை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கூடாரம் வரை ஓட்டமும் நடையுமாக வர வேண்டும். இதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். வயிற்றில் அடிபட்ட ஒரு பஞ்சாபிக்காரனைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். அவன் பேசுவது இவருக்குப் புரியவில்லை, இவர் பேசுவது அவனுக்குப் புரியவில்லை. எதையோ கெஞ்சிக் கேட்டுக்கொண்டே வந்தானாம். இவருக்கு ஒன்றும் தோன்றாமல், தினமும் சாயங்காலம் கொடி இறக்கும்போது வாசிக்கிற பாட்டை வாயாலேயே பாடியிருக்கிறார். அவன் அமைதியாகிவிட்டான். கூடாரத்துக்கு வந்து இறக்கிப் பார்த்தால் உயிர் இல்லை. "மூச்சு எங்க நின்னுதுன்னு தெரியல ம்மே. நான் பாட்டுக்குப் பாடினே வந்துட்டேன்" என்றார். சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அப்படி ஒரு நாள் பக்கத்தில் குண்டு வெடித்துத்தான் அவருடைய இடது காது போயிற்று. ரத்தம் வந்ததைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிட்டார். சொன்னால் பேண்டிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயம். கல்யாணமான புதிதில் நான் ஏதாவது கேட்டால் சில சமயம் பதில் வரும், சில சமயம் வராது. பட்டாளத்துத் திமிர் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளுக்குள் புழுங்கினேன். ஒரு நாள் சந்தைக்கு நடந்துபோகும்போது, நான் ரொம்ப நேரம் பேசிக்கொண்டே வந்து கடைசியில் கோபமாக நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, என் கையைப் பிடித்து வலது பக்கத்துக்கு இழுத்து நிறுத்தி, "இனிமே இந்தப் பக்கமே வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து நான் அவருக்கு வலது பக்கம். நீங்கள் பிள்ளைகள் யாரும் அதைக் கவனித்ததில்லை. இத்தனை வருஷம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தேருக்கும் சந்தனக்கூட்டுக்கும் அவர் வாசித்தது எல்லாம் ஒற்றைக் காதால் வாசித்தது.

திரும்பி வந்தவர் ஊரில் சும்மா இருக்கவில்லை. பாஜார் தெருவில் தகர வேலை செய்துகொண்டிருந்த காதர் தட்டுகிற தட்டில் தாளம் தப்பாமல் விழுவதைக் கேட்டு, அவனைப் பிடித்துப் பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டினார். நம் தெருவிலிருந்து நாலைந்து பேரைச் சேர்த்தார். செஞ்சிக்கு முதல் பேண்டு அதுதான். பெரிய தெருக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், தெரு முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள், சாப்பாட்டை மட்டும் பந்தலுக்கு வெளியே கொண்டுவந்து வைப்பார்கள். அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். எங்கே வாசிக்கப் போனாலும் நம் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். அங்கே சாப்பிடச் சொன்னால், இப்போதுதான் சாப்பிட்டோம், ஊதுகிற வயிறு நிறையக் கூடாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். காதரும் அப்படித்தான் சொல்வான்.

டோலி உனக்கு நினைவிருக்கும். இரண்டு மூங்கில், நடுவில் கெட்டிச் சாக்கு. அவர் அதை ஸ்ட்ரெச்சர் என்பார், ஊரார் டோலி என்பார்கள். காலரா வந்த வருஷத்தில் தைத்துவைத்தது. பஸ் போகாத ஊரிலிருந்து பிரசவத்துக்கு முடியாமல் கிடப்பவளை, பாம்பு கடித்தவனை, கோட்டை மேலே ஏறிக் கால் பிசகி விழுந்தவனை, எவர் வந்து கூப்பிட்டாலும் காதரும் அவரும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு முறை பெரிய தெருவில் ஒரு மருமகளுக்குப் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. வண்டி மாடு இல்லை. மாமியார்க்காரி வாசலை மறித்துக்கொண்டு, இவர்கள் எப்படித் தொட்டுத் தூக்குவது என்று தயங்கினாள். இவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நான் மூங்கிலத்தாம்மா தொடப் போறேன். பொண்ண நீங்களே எடுத்து வைங்க" என்றாராம். அந்தப் பெண் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்த வீட்டில் அப்புறமும் சாப்பாடு பந்தலுக்கு வெளியேதான். உன் நைனா அதைப் பெரிதாகப் பேசியதில்லை. நான்தான் பேசுவேன்.

உனக்கும் உன் தங்கை லூர்துவுக்கும் நடுவில் பிறந்த ஆரோக்கியத்தை உனக்கு லேசாகத்தான் நினைவிருக்கும். அம்மை போட்டு அவள் போனதற்கு மறுநாள், மேல்சித்தாமூரில் ஒரு சமண நயினார் வீட்டுக் கல்யாணம். முன்பே வார்த்தை கொடுத்திருந்தார். நீங்கள் போனால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று நான் கத்தினேன். "அந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சி, அதுக்கு மேளம் இல்லாம கல்யாணம் நடக்கிறதுக்கு" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் அவரை வெகுகாலம் மன்னிக்கவில்லை. திரும்பி வந்து கிளாரினெட்டைத் துடைக்காமல் அப்படியே மூலையில் சாய்த்தார். எச்சில் ஈரத்தோடு அவர் அதை வைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தன் துக்கத்தை அவர் வைத்துக்கொண்ட விதம் அது என்று எனக்குப் புரிய வயதாக வேண்டியிருந்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ சென்னைக்குப் போய் சினிமாவில் வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் அவருடைய வலது காதும் குறைய ஆரம்பித்தது. பால் பொங்குவது கேட்கவில்லை. பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தால் திரும்பவில்லை. நான் கத்திப் பேசப் பழகிக்கொண்டேன். ஒரு நாள் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து காதர் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அண்ணி, மாஸ்டருக்கு சுருதி நழுவுது. மேல போறது அவருக்குத் தெரியல" என்றான். என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஒன்றும் செய்ய வேண்டாம், அவர் எங்கே போகிறாரோ அங்கே நாங்கள் போய்க்கொள்கிறோம் என்றான். அப்படியே செய்தார்கள். அவர் ஏறினால் எல்லாரும் கூட ஏறினார்கள், அவர் இழுத்தால் காதர் டிரம்மை நிதானித்து அடித்தான். பேண்டு முழுவதும் ஒரு மனிதனைச் சுற்றி வளைந்து வளைந்து வாசித்தது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், யாரும் சொல்லவில்லை. அவர் தான் நன்றாகத்தான் வாசிக்கிறோம் என்று நம்பிக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் பெரிய தர்மம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

பாகிஸ்தான் சண்டை நின்ற பிறகு வந்த தை மாதம் லூர்துவின் கல்யாணம். நீ உன்னோடு வாசிக்கிற சிநேகிதர்கள் மூன்று பேரைக் கூட்டிவந்திருந்தாய். மகள் கல்யாணத்துக்குத் தானே வாசிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். கோவிலிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் பந்தலுக்கு வரும்வரை வாசித்தார். அன்றைக்கு ரொம்பவே விலகிப்போயிற்று. சந்தோஷத்தில் மூச்சு நிறையக் கொடுத்தார் போலிருக்கிறது, மற்றவர்களால் பின்தொடர முடியவில்லை. உன் சிநேகிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நானும் பார்த்தேன். ஒருத்தன் கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டான். உன் முகம் சுருங்கியதையும் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் நீ நேராக அவரிடம் போனாய். போதும் நைனா, சுருதி சேரவில்லை என்று மெதுவாகத்தான் சொன்னாய். அது எனக்குத் தெரியும். அவருக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு "இன்னாடா?" என்றார். அப்போதுதான் நீ குரலை உயர்த்தினாய்.

"நீங்க வாசிக்கறது ஒங்களுக்கே கேக்கல நைனா. எல்லாம் தப்பு தப்பா வருது. வந்தவங்க சிரிக்கிறாங்க."

பந்தலில் அத்தனை பேருக்கும் கேட்டது. அவருக்கும் கேட்டது. அப்புறம் காதர் பக்கம் திரும்பி, "காதரு, நெசமா?" என்றார். காதர் டிரம்மின் தோலையே பார்த்துக்கொண்டு நின்றான். "எத்தினி நாளா?" என்று கேட்டார். அவர் கிளாரினெட்டைக் கழற்றி, ஒவ்வொரு துண்டாகத் துடைத்து, பெட்டியில் வைத்து மூடினார். பிறகு சம்பந்தி வீட்டாரைப் பந்திக்கு உட்காரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனார். சாப்பாடு முடியும்வரை முகம் மாறாமல் நின்று பரிமாறினார். நீ அன்றைக்கே சிநேகிதர்களோடு கிளம்பிவிட்டாய்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உனக்கு நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அவர் கோபித்துக்கொண்டது உன்னை அல்ல. என்னோடு அவர் பல நாள் பேசவில்லை. காதர் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். கடைசியில் நான் பொறுக்க முடியாமல் அவர் வலது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை தெரியாமல் பேசிவிட்டான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"அவன் மேல எனக்கு இன்னா கோவம்? வாசிக்கிறவன்கிட்ட சொல்ற மாதிரி அவன் சொன்னான். நீங்கள்லாம்தான் என்ன டோலியில போட்டுத் தூக்கினு போயிக்கினு இருந்தீங்க. நான் நடக்கிறேன்னு நெனச்சினு இருந்தேன் ம்மே."

ராயப்பா, இதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். வாழ்நாள் முழுக்க அடுத்தவரைத் தூக்கிய மனிதர் அவர். அவருக்குத் தெரியாமலே நாங்கள் அவரைத் தூக்கியிருந்தோம். அதை அவரால் தாங்க முடியவில்லை. உன் வார்த்தை வலிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், வலித்தது. பெண்ணின் கல்யாணப் பந்தலில், அத்தனை பேர் முன்னால் சொன்னது வலித்தது. லூர்துவின் கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். ஆனால் நீ சொன்னது பொய் என்றோ, சொல்லக்கூடாதது என்றோ அவர் ஒரு நாளும் சொல்லவில்லை.

பல மாதம் வீட்டிலேயே இருந்தார். பேண்டு அவர் இல்லாமல் போயிற்று. திண்டிவனத்திலிருந்து கார்னெட் வாசிக்கிற ஒருவன் வந்து முன்னால் நின்றான். அப்புறம் காதருக்குக் குடலிறக்கம் வந்து, பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேல்மலையனூர் அமாவாசைக்கு இந்த ஊர்க்காரர்கள் வேண்டுதல் ஊர்வலம் போகிறார்கள், பேண்டுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, டிரம்முக்கு ஆள் இல்லை. காதர் வந்து வாசலில் உட்கார்ந்து என்னிடம்தான் புலம்பினான். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனால் காதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த விதத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அவனோடு அவன் வீட்டுக்குப் போய், டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அந்த வயதில் அந்தப் பாரம். நான் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். போனார். மறுநாள் வந்து, அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "வயித்துல கேக்குது ம்மே" என்றார். அடிக்கிற ஒவ்வொரு அடியும் வயிற்றிலும் நெஞ்செலும்பிலும் அதிர்கிறது, அதில் பொய் இல்லை, யாரும் ஏமாற்ற முடியாது என்றார். முன்னால் போகிறவனுடைய தோளையும் காலையும் பார்த்து அடித்தால் தாளம் தப்பாதாம்.

பெரிய டிரம் எப்போதும் கடைசி வரிசை. இத்தனை வருஷம் முன்னால் நடந்தவர் அன்றிலிருந்து பின்னால் நடந்தார். மாஸ்டர் என்கிற பட்டையைக் கழற்றி அந்தத் திண்டிவனத்துக்காரனுக்கே கொடுத்துவிட்டார். டீக்கடையில் ஒருத்தன், "மாஸ்டரு கடைசி பெஞ்சுக்குப் பூட்டாரு" என்று சொல்லிச் சிரித்தான். அவருக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. அவர் சந்தோஷமாக இருந்தார் என்று உன்னிடம் சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். முழுவதும் அப்படி இல்லை. சில சமயம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருடைய விரல்கள் தொடை மேல் கிளாரினெட் வாசிக்கும். நான் பார்ப்பது தெரிந்தால் கையை மடக்கிக்கொள்வார். ஆனால் ஊர்வலத்தின் கடைசியில் நடந்தபோது அவர் தன் காலால்தான் நடந்தார். அது எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் நீ ஒரே ஒரு முறை வந்தாய். பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்திலேயே ஊர்வலம் எதிரில் வந்துவிட்டது. கடைசியில் வியர்த்து வழிந்துகொண்டு, டிரம்மின் பாரத்தில் முதுகு வளைந்து உன் நைனா வருவதை நீ பார்த்தாய். வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டாய். உங்களை யார் இதைச் செய்யச் சொன்னது, நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு எனக்கு இது தண்டனையா என்று கேட்டாய். இன்னும் என்னென்னவோ கேட்டாய். அவர் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அந்த வலது காதும் அநேகமாகப் போய்விட்டிருந்தது, நீ வேகமாகப் பேசினாய். நீ நிறுத்தியதும் அவர் உன் தோளைத் தொட்டு, "சாப்டியா?" என்றார். நீ அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டாய். அவருக்கு உன் பேச்சில் ஒன்றும் புரியவில்லை என்பது உனக்கு அப்போது தெரியவில்லை. வேண்டுமென்றே பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தாய். பையன் என்ன சொன்னான் என்று அவர் என்னைக் கேட்டார். அவசர வேலையாம், போக வேண்டுமாம் என்று ஜாடை காட்டினேன். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. உனக்காக எடுத்துவைத்திருந்த மீன் குழம்பை எனக்கும் போடாமல், தானும் சாப்பிடாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

ஐப்பசி மழையில் ஒரு சாவுக்குப் போய் நனைந்து வந்தார். காய்ச்சல் நெஞ்சுச் சளியாகி, ஆஸ்பத்திரியில் நுரையீரலில் நீர் என்றார்கள். உனக்குத் தந்தி கொடுத்தேன். நீ வெளியூரில் இருந்ததால் அது உனக்குப் பிந்தித்தான் கிடைத்தது, அது உன் குற்றமில்லை. கடைசி நேரத்தில் உன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று பிலோமினாவிடம் நீ கேட்கச் சொல்லியிருந்தாயாம். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். சொல்லவில்லை, கண்ணு. மன்னித்தேன் என்றோ, வாசிக்கச் சொல் என்றோ அவர் சொன்னதாக நான் எழுதினால், அது நான் கட்டிய கதை என்று உனக்கே தெரிந்துவிடும். தண்ணீர் கேட்டார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். மழை நின்றுவிட்டதா என்று கேட்டார். நான் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். இனி எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான், இருந்தாலும் அங்கேதான் உட்கார்ந்தேன். விடிந்து கோவில் மணி அடித்த பிறகு போய்விட்டார்.

நீ வந்தபோது சவப்பெட்டியை மூடிவிட்டார்கள். பேண்டு வாசலில் நின்றது. முன்னால் இரண்டு பேர் டிரம்மைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, காதர் அடித்துக்கொண்டு வந்தான். யார் சொல்லியும் அவன் கேட்கவில்லை. உன்னை வாசிக்கச் சொன்னார்கள், நீ தலையை ஆட்டி மறுத்துவிட்டாய். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு உன்னால் மூச்சே விட முடியவில்லை, எங்கே ஊதுவது. ஆனால் அன்றைக்கு முடியாமல் போனதை நீ இன்றைக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாய்.

நீ அவரைக் கொல்லவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது, மழையில் நனைந்தார், நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. நீ செய்தது ஒன்றுதான். சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லக்கூடாத இடத்தில் உரக்கச் சொன்னாய். அந்த இடமும் அந்தக் குரலும் உன்னுடையது. அதற்கு நீ வருத்தப்படு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நீ பேசியது புரியாமல் அவர் நின்றபோது நீ பஸ் ஏறிப் போனதும் உன்னுடையதுதான். மற்றது எங்களுடையது. காதரும் நானும் பேண்டுக்காரர்களும் சேர்ந்து செய்தது. அதையும் சேர்த்து நீ எடுத்துக்கொண்டு, மனைவியையும் பிள்ளையையும் பார்க்காமல், மரவாடியில் போய் ஒளிந்துகொள்ளாதே. வாசிக்கிறவனிடம் பேசுகிற மாதிரி நீ பேசினாய் என்று அவர் சொன்னாரே, அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்த ஒரே ஆள் நீதான். அப்படிப்பட்டவன் வாசிக்காமல் இருந்தால், அவர் அன்றைக்குப் பெட்டியை மூடியதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

எனக்கு இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. வருகிற வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நான் சென்னைக்கு வருகிறேன். பிலோமினா ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகட்டும், நீ வர வேண்டாம். உனக்கும் சேர்த்துச் சமைத்து மூடிவைக்கிறேன். ஆனால் நான் வாசற்படி ஏறும்போது நீ வீட்டில் இருக்கக் கூடாது. மரவாடியிலும் இருக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். அங்கே அந்தப் பெட்டி இருக்கக் கூடாது.

உன் அம்மா